முதல் வரியில் சாமி படம்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நாகஜோதி, அங்கேயே நான்கு வருடம், தைத்த துணிகளில் பழுது பார்க்கும் பீஸ் செக்கிங் செய்துகொண்டு அஞ்சல்வழியில் பி.சி.ஏ. முடித்தவள். அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் பழைய விஷுவல் பேசிக் புரோகிராமை அவள்தான் பைத்தானில் மாற்றி எழுதினாள்.

முதன்முதலாக அதை ஓட்டிய காலையில் திரையில் விண்டோவே திறக்கவில்லை. சிவப்பில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. பழைய கம்ப்யூட்டரை முந்தின நாளே கழற்றியாகிவிட்டது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகம் போக வேண்டிய லாரி வாசலில் காத்திருந்தது. முதலாளி வெள்ளியங்கிரி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னும் எத்தன நேரம் ஆகுங் கண்ணு?"

"முதுகுக்குப் பின்னால நிக்காதீங்க சார்."

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் நகர்ந்து நின்றார்.

நான்காம் முறை படித்தபோதுதான் அந்தச் சிவப்பு வரி புரிந்தது. விண்டோ உருவாகும் முன்பே படத்தைக் கேட்டால் எங்கே வைப்பது என்றது அது. 'எல்லாத்துக்கும் மின்னாடி சாமி படம் வரோணும்' என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்ததால், அவருடைய அங்காளம்மன் படத்தைப் பிள்ளையார் சுழி மாதிரி புரோகிராமின் முதல் வரியிலேயே போட்டிருந்தாள். சுவர் இல்லாமல் சித்திரம் ஏது? அந்த வரியைக் கீழே இறக்கினாள். விண்டோ திறந்தது. ஸ்டிக்கர் ஓடத் தொடங்கியது.

"என்ன தப்புங் கண்ணு?"

"சாமி மொதல்ல வந்ததுதாங்க சார் தப்பு."

வெள்ளியங்கிரி திரையில் இருந்த அம்மனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோயிலக் கட்டிப்போட்டுத்தான சாமியக் கொண்டாரோணும்," என்றார். "உன்னைய யாரு கண்ணு அவசரப்படச் சொன்னது?"