எல பொழியுத மாசம்

நேத்து சாயந்திரம் அயர்லாந்துலேருந்து மவ கூப்பிட்டா. அங்க நர்சு வேலைக்குப் போயி இருக்கா. இங்க ஐப்பசி மழ, ஓட்டுல அடிக்குத அடியில ஒண்ணும் கேக்கல்ல. மருமொவதான் போனப் பிடிச்சு எனக்க மூக்குக்கிட்ட கொண்டுவந்து காட்டினா. பாத்தா ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் மரம். மரம்பூரா மஞ்சளும் செவப்புமா நின்னு எரியுது.

"அப்பா, பாத்தியளா? இந்த எலையப் பாக்கதுக்குன்னே இங்க ஆளுவ லீவெடுத்து, காரெடுத்துப் போவாவ"ன்னா.

"மக்கா, நான் இத காரில்லாம பாத்தவனாக்கும். உனக்க அம்மையும் பாத்தா. பாத்துட்டு ஊரவிட்டே ஓட நின்னா."

"அதென்ன கத?"ன்னு கேட்டா. அதுக்குள்ள அவளுக்கு டியூட்டிக்கு நேரமாச்சு, வச்சுட்டா. அம்மக்காரி உயிரோட இருந்த காலத்துல இத பிள்ளைய காதுல போட விடமாட்டா. நாணக்கேடாம். இப்ப அவ இல்ல. நாக்கு நுனி வரைக்கும் வந்த கதய என்ன செய்ய, உங்ககிட்டதான் சொல்லணும். நான் ரெண்டாங்கிளாசோட நின்ன ஆளு. நான் சொல்லச் சொல்ல மருமொவ எழுதுதா. எடையில சிரிக்கவும் செய்யுதா.

எங்க குன்னு புதுக்கடையிலேருந்து கொஞ்சம் மேல ஏறணும். அப்பன் வச்ச ரப்பர் மரம் நூறு மூடு அங்க உண்டு. மூடுன்னா ஒரு மரத்துக்கு ஒரு மூடு, அப்பிடித்தான் நாங்க எண்ணுவோம். மீச மொளைக்கதுக்கு முன்னமே நான் பால்வெட்டுக்கு எறங்கியாச்சு. வெளுக்கதுக்கு முன்ன எந்திரிச்சு, கத்தியால பட்டைய நூலு கனத்துக்குச் சீவிவிடணும். வெயிலு ஏறுமுன்ன பாலு செரட்டையில சொட்டணும். அந்தப் பாலுக்க நாத்தம் இருக்கே, தேய்ச்சுக் குளிச்சாலும் போவாது. கல்யாணத்தன்னைக்கு நான் சந்தன சோப்பு ரெண்டு தரம் போட்டேன். பிரயோசனமில்ல.

மார்கழி கழிஞ்சு மலங்காத்து எறங்கினா ரப்பருக்கு எல பொழியும். நம்ம ஊருல வேற எந்த மரமும் அப்பிடி நெறம் மாறி, மொத்தமா மொட்டையாவாது பாத்துக்கிடுங்க. ஒரு காம்புக்கு மூணு எல. மொதல்ல மஞ்சளாவும். பொறவு புளி போட்டுத் துலக்கின செம்புப்பானை மாதிரி ஆவும். செல மரம் சேவலுக்க வாலு மாதிரி, ஒரே கொம்புல நாலு நெறம். காத்து ஒண்ணு வந்தா போரும், அம்பிட்டும் சுத்திச்சுத்தி எறங்கும். முட்டளவு கெடக்கும் சருகு. அந்த மாசம் கத்திய எடுக்கப்பிடாது. மரம் தளிருக்குத் தன்னையே கொடுத்துட்டு நிக்குத நேரம், அப்ப வெட்டினா தாங்காது. வருசத்துல பால்வெட்டுகாரன் விடிஞ்ச பொறவும் பாயில கெடக்குத மாசம் அது ஒண்ணுதான்.

அந்த மாசம் தொடங்கத்தான் எனக்குக் கல்யாணம். பொண்ணு வட்டக்கோட்டைப் பக்கம், பேரு முத்துக்கனி. அய்யாவழிக் குடும்பம். அவ ஊருல மரமுன்னா பனையும் தெங்கும்தான். ஓல ஒண்ணொண்ணாட்டு விழும், அவ்வளவுதான். அம்மை தவறின வீடு எங்களுக்கு. அப்பனும் வெளுத்தா சாயாக்கடைக்கு எறங்கிருவாவ. வீட்டுல நானும் அவளும் மட்டும்.

இனி சொல்லப்போறதுக்கு நீங்க சிரிக்கப்பிடாது. எனக்கு அவகிட்ட என்ன பேசன்னு தெரியாது. விடியக்காலத்துல மரத்தோட நின்னு வளந்தவன். முன்ன ஒருத்தி வந்து நின்னு, "சாயா போடட்டுமா?"ன்னு கேட்டா நான் முத்தத்துல எறங்கிருவேன். ரெண்டு நாளு பாத்தேன். மூணாம் நாளு கத்தியத் தூக்கிட்டு எறங்கிட்டேன்.

"எங்க போறிய?"

"பால்வெட்டுக்கு."

பச்சப் பொய்யி. போற வழியில தாசையன் நிப்பான், எனக்க தோட்டத்துக்கு அடுத்த வெள அவனுக்குள்ளது. எனக்க சேக்காளி. "ஏலே புதுமாப்ள, எல பொழிஞ்ச மரத்துல எதுலே வெட்டப்போற? ஒனக்க மூக்கையா?"ன்னு கேப்பான். நான் காது கேக்காத மாதிரி போயிருவேன்.

குன்னுல போயி என்ன செய்வேன்? ஒண்ணும் செய்யமாட்டேன். மரத்துல சாஞ்சு இருப்பேன். வெயிலு மேலேருந்து எறங்கும்போ எலைக்குள்ள வெளக்கு வச்ச மாதிரி இருக்கும். சருகக் கூட்டி, தீ பரவாம சுத்திவர தூத்துவிட்டுட்டு, நடுவில மரச்சீனிக் கெழங்கு ஒண்ணு போட்டுச் சுடுவேன். மேல கரிஞ்சு, உள்ள மாவாட்டு வெந்து வரும். கூட ரெண்டு காந்தாரி மொளவும் உப்பும். ராசா மாதிரி இருப்பு. ஆனா பாதிக் கெழங்கு திங்கும்போ நெஞ்சுக்குள்ள ஒரு இது வரும். வீட்டுல ஒருத்தி தனியா இருக்காளேன்னு. அதுக்காவ எந்திரிச்சுப் போனேனா? இல்ல.

இப்பிடி ஒரு வாரம். ஒருநாளு பாத்தா, ஒரு மூட்டுல ஆளு நெத்தி ஒசரத்துல வெள்ளையா ஒரு கோடு. அடுத்த மூட்டுலயும். அப்பிடியே வரிசையா ஏழு மூடு. பாலுன்னு தொட்டுப் பாத்தேன், பாலில்ல. பொடி. எனக்கு ரெத்தம் கொதிச்சுது. மரத்த முறிக்கதுக்கு யாவாரிமாரு வெள்ள அடிச்சுக் குறி போடுவாவ. தெனமும் அந்த வழியில நிக்குதவன் ஒருத்தன்தான், எனக்கு அவன்மேலதான் சந்தேகம். ஓடிப்போயி தாசையனுக்க சட்டையப் பிடிச்சேன்.

"எனக்க மரத்துல குறிபோட நீ ஆருலே?"

"விடுலே மயிராண்டி. எனக்க வெளைய நோக்கவே எனக்கு நேரமில்ல. பொண்டாட்டிய வீட்டுல விட்டுட்டு மரத்துக்குக் காவலு கெடக்குதவன் நீதான், நீயே கண்டுபிடி."

அவன் சொன்னது சுருக்குன்னு குத்திச்சு. மறுநாளு வழக்கத்துக்கும் முன்னயே போயி பாறைக்குப் பொறத்தால பம்மி இருந்தேன். அந்தச் சருகுல பூன நடந்தாலும் கேக்கும். கொஞ்ச நேரத்துல கேட்டுது. சரக்... சரக்... நின்னு நின்னு வருது. கம்ப ஓங்கிட்டு நான் சாடிப் பாத்தா, முத்துக்கனி. கையில செரட்ட. செரட்டையில, அவ வீட்டாளுவ கும்பிடுத அய்யா பதியிலேருந்து கொண்டுவந்த வெள்ள நாமத்து மண்ணு. நெத்தியில இடுத அதே நாமத்த மரத்துக்கு இட்டுட்டு நிக்கா.

"ஏட்டி, என்ன செய்யுத?"

அவ்வளவுதான், அழுக வந்துட்டு அவளுக்கு. "மரம் அம்பிட்டும் பட்டுப்போச்சே. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளா? தெனமும் கத்தியத் தூக்கிட்டு வந்து சும்மா இருந்துட்டு வாறிய. பொறத்தால வந்து நான் பாத்தேன். முகத்தப் பாத்து ஒரு சொல்லு பேசமாட்டேங்கிய. நான் காலு வச்ச நேரந்தான், பச்சையா நின்ன தோட்டம் தீஞ்சுபோச்சுன்னு நாளைக்கு ஊரு சொல்லும். நீங்களும் அதான நெனைக்கிய?"

அவ கண்ணத் தொடச்சுட்டு, "வார ஞாயிறு வர பாப்பேன். ஒரு தளிரு வரல்லன்னா நானே எங்க ஊருக்கு எறங்கிருவேன். துணியெல்லாம் கெட்டி வச்சாச்சு"ன்னா.

அப்ப நான் ஒரு மடத்தனம் செஞ்சேன். சிரிச்சுட்டேன். அவ செரட்டைய வீசிட்டு நடக்கத் தொடங்கிட்டா. ஓடிப்போயி முன்னால நின்னேன். தாந்த கொம்பு ஒண்ண வளச்சு, நுனியில ஊசி மொன மாதிரி நின்ன மொட்டக் காட்டினேன். "பட்டுப்போவல்ல பிள்ளே. ரப்பரு வருசந்தோறும் இப்பிடித்தான் பொழியும். இது மரத்துக்கு லீவு. எனக்கும் லீவு."

"லீவுன்னா வீட்டுல இருக்கப்பிடாதா?"

"இருக்கலாம். உங்கிட்ட என்ன பேசன்னு தெரியல்ல."

அவ என்னைய மேலயும் கீழயும் பாத்தா. "அதுக்காட்டியா? நான் என்ன கலெக்டரா? பேசத் தெரியல்லன்னா மிண்டாம இரியும். நான் பேசுதேன்."

சொன்ன மாதிரியே செஞ்சா. அன்னைக்கு சருகுமேல இருந்து, சுட்ட கெழங்குல பாதியத் தின்னுட்டு, வெயிலு உச்சிக்கு வரது வரைக்கும் பேசினா. அவ ஊரு கடலு, கோட்ட மேல ஆடு மேய்ச்சது, கள்ளு குடிச்சு மயங்கிக் கெடந்த மாமன். எடையில ஒரு செவந்த எல பறந்துவந்து அவ தலையில விழுந்துது. எடுத்துப் போடுவான்னு பாத்தேன். கொண்டையில சொருகிட்டா.

சனிக்கெழம பைய தளிரு வந்துது. துணிக்கெட்டு அவுந்துது. நான் பருவம்னேன், அவ அய்யாவுக்க நாமம்னா. அவ சாவது வரைக்கும் ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல்ல. வருசந்தோறும் எல பொழியும்போ ஒரு கெழங்கும் செரட்டையில நாமமும் எடுத்துட்டு அவ குன்னேறி வருவா. நான் முன்னயே போயி மரத்துல சாஞ்சு, திரும்பிப் பாக்காம இருப்பேன். சருகு சத்தத்த வச்சே தெரியும், கோவமா வாறாளா, கொஞ்ச வாறாளான்னு.

அவ போயி ஆறு வருசமாச்சு. மரம் அதுக்கு முன்னயே போச்சு. பாலு வத்தின மரம், முறிச்சாச்சு. இப்ப அந்தக் குன்னுல நாலு வீடு. முத்தம் பூரா சிமெண்டுக் கட்ட பதிச்சிருக்கு. ஒரு எல விழுந்தா தூத்து வாரிக் கொட்டிருவாவ.

இன்னைக்குக் காலத்த மவ திரும்பவும் கூப்பிட்டா. "கத சொல்லுங்கப்பா"ன்னா. "பொறவு சொல்லுதேன், மொதல்ல நீ அந்த எலைக்கு மேல கொஞ்சம் நடந்து காட்டு"ன்னேன். போன காலுக்குக் கிட்ட பிடிச்சுட்டு நடந்தா. நான் காத வச்சுக் கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல்லியே மக்கா."

"எல பூரா நனஞ்சு கெடக்குப்பா. இங்க எப்பவும் மழதான்."

கொள்ளாம். நெறமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பொறத்தால ஆளு வந்தா எப்பிடித் தெரியும்?