நூற்றொரு பிள்ளைகள்

காலை ஐந்து பத்துக்கு ஃபோன் அடித்தது. கெல்வின் ட்ராக்ஸ்லர் அதற்காகவே விழித்திருந்தான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் அதே நேரத்துக்கு அது அடிக்கும். தெற்குப் பாதைப் பேருந்தை ஓட்டும் மார்வா நெஸ்வோல்ட், தன் பிக்கப் வண்டியில் அந்தச் சரளைச் சாலையின் கடைசி வரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிடுவார். "போகலாம்" என்பார். இல்லாவிட்டால் "ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடு" என்பார். பனி கண்ணை மறைத்தால் "மூடிடு". அன்றைக்குப் பள்ளி வைக்கலாமா என்று, பள்ளிக் கண்காணிப்பாளன் என்ற முறையில் முடிவெடுக்க வேண்டியவன் கெல்வின்தான். பதினான்கு ஆண்டுகளில் அவர் சொன்னதை அவன் ஒருமுறைகூட மாற்றியதில்லை.

அந்தப் பிப்ரவரி செவ்வாய்க்கிழமை பேசியது மார்வா இல்லை. அவர் கணவர் டுவேன்.

"கெல்வின், மார்வா எந்திரிக்கல."

"உடம்பு சரியில்லையா?"

"ஆம்புலன்ஸ்காரங்க வந்து பாத்துட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டா. ரெண்டு மணிக்கே இருக்கும்னாங்க."

மறுமுனையில் டுவேன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அவரே பேசினார்.

"தெற்கு ரோடு பரவாயில்ல. இப்பதான் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஹெக் வீட்டு வளைவுல மட்டும் பனி ஏறிக் கெடக்கு. ரெண்டு மணி நேரம் தள்ளிப் போட்டா போதும்."

"இந்த நேரத்துல நீங்க எதுக்கு டுவேன் அதையெல்லாம்..."

"யாராவது பாக்கணும்ல?"

ஃபோனை வைத்த பிறகு கெல்வின் சமையலறை இருட்டில் அப்படியே நின்றான். துக்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்த நினைப்பு வேறு. செப்டம்பரில் நடந்தது முழுதும் இனி அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த நினைப்பில் ஒரு நிம்மதியும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுகொண்டபோது அவனுக்கு உடம்பு கூசியது.

டகோட்டாவில், மிசௌரி ஆற்றுக்கு மேற்கே, மாடும் கோதுமையும் காற்றும் மட்டும் இருக்கிற இடத்தில் அந்தப் பள்ளி மாவட்டம் இருந்தது. மாவட்டம் என்று பேர்தான்; மொத்தமும் ஒரே கட்டடம். மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாவது வரை அதற்குள் அடங்கிவிடும். கெல்வின் அங்கே கண்காணிப்பாளன், உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு வாத்தியார், வடக்குப் பாதைப் பேருந்துக்கு ஓட்டுநர். அறிவியல் எடுப்பவரே வெல்டிங்கும் சொல்லிக்கொடுத்தார். ஸ்பானிஷ் பாடம் திரையில் நடந்தது. வாத்தியார் நூற்று எழுபது மைலுக்கு அப்பால் இருந்தார். கால்பந்துக்கு ஆறு பேர்கூடச் சேராததால் பக்கத்து ஊரோடு சேர்ந்து ஆடினார்கள், அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு.

பிள்ளைகள் நன்றாகப் படித்தார்களா என்று கேட்டால் மாநில அறிக்கையில் பதில் கிடையாது. ஒரு வகுப்பில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் மதிப்பெண்ணை வெளியிடமாட்டார்கள். யார் எவ்வளவு வாங்கியது என்று ஊர் கண்டுபிடித்துவிடுமாம். அதனால் எண் வர வேண்டிய இடத்தில் எல்லாம் நட்சத்திரக் குறி. "பாத்தியா, நம்ம பிள்ளைங்க அத்தனை பேரும் நட்சத்திரம்" என்று மார்வா வருஷா வருஷம் அந்தத் தாளை அலுவலகக் கதவில் ஒட்டிவைப்பார்.

பேருந்து ஓட்டியது அவருடைய இரண்டாவது வேலை. முப்பத்தொரு ஆண்டுகளாக அவர்தான் பள்ளி அலுவலகம். வருகைப் பதிவு, காய்ச்சல் மாத்திரை, வராத வாத்தியாருக்கு மாற்று, மூக்கில் ரத்தம், வீட்டில் அடிவாங்கி வந்த பிள்ளையைப் பற்றி யாரிடம் சொல்வது என்கிற முடிவு எல்லாமே அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். குட்டையான பெண்மணி. சத்தமாகச் சிரிப்பார். கெல்வின் வேலையில் சேர்ந்த முதல் நாள் டை கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, "யாரு செத்துட்டா?" என்று கேட்டவர். அதன் பிறகு அவன் டை கட்டவில்லை.

செப்டம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தலை எண்ணும் நாள். அன்றைக்குப் பதிவில் எத்தனை பிள்ளைகளோ அதுதான் அந்த ஆண்டின் எண்ணிக்கை. தொடர்ந்து மூன்று ஆண்டு நூறுக்குக் கீழே போனால் மாவட்டத்தைக் கலைத்து வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள். முந்தைய இரண்டு ஆண்டும் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றொன்பது. இந்த முறை நூற்றொன்று என்று திங்கட்கிழமையே எண்ணிவைத்திருந்தார்கள். தெற்குப் பாதையில் இருந்த பால் பண்ணைக்குக் கோடையில் ரெண்டேரியா என்றொரு குடும்பம் வேலைக்கு வந்திருந்தது. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். அந்த மூவர் வந்ததில்தான் பள்ளி கரையேறியிருந்தது.

வியாழக்கிழமை பண்ணைக்காரரோடு தகராறு. ராத்திரியே ரெண்டேரியா குடும்பம் காரில் ஏறிப் போய்விட்டது. வெள்ளி காலை மார்வா அவர்கள் தங்கியிருந்த டிரெய்லர் வீட்டு முன்னால் பேருந்தை நிறுத்தி, வழக்கம்போல் மூன்று நிமிடம் காத்திருந்தார். கதவு திறந்து கிடந்தது. யாரும் வரவில்லை. பள்ளிக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்து, மூன்று பேருக்கும் வந்தார்கள் என்று போட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று தட்டு மிச்சமாகி நின்றதைக் கெல்வின் பார்த்தான். எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட மூன்று மணிக்கு மார்வாவின் மேசைக்குப் போனான்.

"எத்தனை?"

"நூத்தியொண்ணு."

"சாப்பாட்டு ரூம்ல மூணு தட்டு..."

"தட்டு எண்ணவா உனக்கு இந்த ஊரு வேலை குடுத்துச்சு?" மார்வா தலையைத் தூக்கவில்லை. "கெல்வின், திங்கக்கிழமை எண்ணினப்ப நூத்தியொண்ணு. ஒரு ராத்திரில ஒரு பள்ளிக்கூடம் செத்துப்போகக் கூடாது. போடு."

அவன் போட்டான். அவர் கேட்டதற்காக மட்டும் என்று பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அது உண்மை இல்லை. அவனுக்கும் நூற்றொன்று வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளைகள் நெப்ராஸ்காவில் ஒரு பள்ளியில் சேர்ந்தார்கள். அவர்கள் அம்மா படிவத்தில் பழைய ஊரைவிட்டுக் கிளம்பிய தேதியைச் சரியாக எழுதிவிட்டார். அவருக்கு மறைக்க என்ன இருந்தது? ஜனவரியில் அந்த மூவரைப் பற்றிக் கேட்டு மாநிலத் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது.

பள்ளிக் குழுவின் ஐந்து பேரும் நூலகத்தில் குட்டைக் குட்டையான நாற்காலிகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் லைல் ஹெக் கோதுமை விவசாயி. அவர்தான் கேட்டார்.

"அன்னைக்கு அந்த மூணு பேரும் வந்தாங்களா, மார்வா?"

"வரல. நான்தான் வந்ததா போட்டேன்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. கெல்வின் நான் நீட்டுன தாள்ல கையெழுத்துப் போட்டான், அவ்ளோதான். அவன் என்னைக்கு எதைப் படிச்சிருக்கான்?"

யாரோ சிரித்தார்கள். கெல்வின் வாயைத் திறந்தான். மார்வா அவன் பக்கம் திரும்பவே இல்லை. திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். மார்வா சொன்ன அந்த இரண்டு பதிலும் அப்படியே கூட்டக் குறிப்பில் ஏறின. அந்த வாரமே வட்டாரப் பத்திரிகையிலும் வந்தன.

கூட்டம் முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் மார்வாவைப் பிடித்தான். "நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லி? உன் வாத்தியார் லைசென்ஸைப் பிடுங்குவாங்க. உனக்கு நாப்பத்தெட்டு வயசு. எங்க போய் மாடு மேய்ப்ப? மாட்டுக்கும் உன்னைப் பிடிக்காது. எனக்கு என்ன போகும், ஒரு நாற்காலி." அதற்கு மேல் அவராலும் சிரிக்க முடியவில்லை. "வீட்டுக்குப் போ, குளுருது."

அலுவலக வேலையிலிருந்து அவரை நீக்கினார்கள். பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து நீக்கவில்லை. பேருந்து ஓட்ட உரிமம் வைத்திருந்த இன்னொரு ஆள் கெல்வின்தான்; அவனுக்கு வடக்குப் பாதை இருந்தது. ஆகவே, பொய் சொன்னவர் என்று பத்திரிகையில் போட்ட பெண்மணியிடமே தங்கள் பிள்ளைகளை ஒவ்வொரு காலையும் ஊர் ஏற்றி அனுப்பியது. பேருந்திலிருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கட்டடத்துக்குள் வராமலே அவர் திரும்பிப் போவார். அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. காய்ச்சல் வந்த பிள்ளைகள் அதன் பக்கத்தில் வந்து நின்று, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. அதற்குள் இணைப்பும் முடிவாகிவிட்டது. மே மாதத்தோடு பள்ளி மூடல், அடுத்த ஆகஸ்டிலிருந்து முப்பத்தெட்டு மைல் தள்ளி இருக்கிற ஊருக்கு.

சனிக்கிழமை அடக்கம். ஊர் முழுக்க வந்திருந்தது. வராதவர்கள் கன்று ஈனும் பசுவோடு இருந்தார்கள். போதகர், யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். கெல்வின் எழுந்தான். இதோ சொல்லிவிடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்தான். முன் வரிசையில் டுவேனின் பிடரி தெரிந்தது, புதிதாக முடி வெட்டிய இடத்தில் ஒரு வெள்ளை வரியோடு. பதினான்கு ஆண்டுக் காலைகளில் மார்வா தன்னை ஃபோனில் எழுப்பியதைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்னும் ஹாம் இறைச்சியும் காப்பியும். லைல் ஹெக் காகிதத் தட்டோடு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கெல்வின் அவரிடம் போனான்.

"லைல், எனக்கு அன்னைக்குத் தெரியும். கையெழுத்துப் போடும்போதே தெரியும்."

லைல் மென்று முடித்தார். "தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு தெரியும். எனக்கும்தான் தெரியும். என் பேத்தி அந்த பஸ்லதான வரா? அன்னைக்குச் சாயங்காலமே வந்து, 'தாத்தா, அந்த வீட்ல யாருமே இல்ல, கதவு தொறந்து கெடக்கு'ன்னா. போர்டுல மத்த நாலு பேரு வீட்டுலயும் யாராவது ஒண்ணு அந்த ஸ்கூல்ல படிக்குது. மூணு பிள்ளைங்க காணாமப்போனது யாருக்குத் தெரியாம இருக்கும்?"

"அப்புறம் எதுக்கு அவங்களைக் கேட்டீங்க?"

"கேக்கணும்ல. குறிப்புல ஏறணும்ல." லைல் தட்டைக் கீழே வைத்தார். "அவளே ஒத்துக்கிட்டா. மத்தவங்க பேச வேண்டியில்லாம போச்சு."

"மார்ச் கூட்டத்துல நான் சொல்லப் போறேன்."

"சொல்லு. மறுநாளே உன்னைத் தூக்குவாங்க. பன்னிரண்டாவதுல இருக்குற ஏழு பேருக்குக் கணக்கு யாரு எடுக்குறது? மே வரைக்கும் எவன் வருவான் இந்த ஊருக்கு? அவ உன்னைக் காப்பாத்துனது உனக்காகன்னு நினைச்சியா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "டுவேன் வரான். மூஞ்சியத் தொடை."

டுவேன் வந்து இருவருக்கும் கை கொடுத்தார். வந்ததற்கு நன்றி சொன்னார். கெல்வின் அந்தக் கையைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். மார்ச் கூட்டத்திலும் சொல்லப் போவதில்லை என்று அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. குறிப்பில் இருப்பது இருந்தபடியே இருக்கும்.

டுவேன் நகர்ந்ததும் லைல் கேட்டார், "இந்த வாரம் பெத்தவங்களே கொண்டாந்து விட்டாங்க. திங்கக்கிழமை தெற்கு பஸ்ஸை யாரு ஓட்டுறது?"

"நான்தான். வடக்கை சீக்கிரமே முடிச்சிட்டு அங்க போறேன்."

"ரோடு தெரியுமா?"

"மார்வாவை எழுதிவைக்கச் சொல்லியிருந்தேன்."

புதிய மாவட்டம் எல்லாப் பாதைக்கும் வழித்தாள் கேட்டிருந்தது. எந்த வீடு, எந்த வாசல், எந்த நாய் கடிக்கும், எந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிடம் கூடக் காத்திருக்க வேண்டும் என்று. முப்பத்தொரு ஆண்டில் அது எழுத்தில் இருந்ததே இல்லை. அன்று மாலை நான்கு மணிக்குக் கெல்வின் பேருந்துக் கொட்டகையைத் திறந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த உறையை எடுத்தான். பென்சிலில், மார்வாவின் சாய்ந்த கையெழுத்தில், இரண்டு தாள். தெற்குப் பாதையில் பதினோரு நிறுத்தங்கள். ஏழு வரை எழுதியிருந்தார். எட்டு என்று எண் போட்டிருந்தது. அதற்கு எதிரே எதுவும் இல்லை.