என் பைகளுக்கு வந்த புகாரும் அண்ணாமலையார் காட்டிய வழியும்

அண்ணாமலையார் பாதத்தை நம்பியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். எட்டாவதோடு நின்றவன் நான். எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

செங்கம் ரோட்டில் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் கார்த்திகை தீபத்துக்கு வருவார்கள். மாசியில் வெயில் ஏறியதும் போய்விடுவார்கள். ஒரு துணியைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பார்கள். மாதிரியில் இருப்பதை நூல் பிசகாமல் தைத்துக் கொடுப்பேன். அதற்குத்தான் எனக்குப் பேர். அவர்கள் போனதும் நான் சென்னைக்குப் போய் கம்பெனியில் தைப்பேன். வருஷத்தில் எட்டு மாதம் வீட்டில் இருக்க மாட்டேன். என் மகள் பேசத் தொடங்கியபோது நான் ஊரில் இல்லை.

2005-ல் ஒரு வெளிநாட்டு அம்மா தோள்பை ஒன்றைக் கொடுத்து, அதேபோல் ஐந்து தைக்கச் சொன்னார். பையின் மூலையில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, நூல் வேலை. என் மனைவி கஸ்தூரி அதேபோல் ஐந்து கொக்கு போட்டாள். பை நன்றாக இருந்தது. மேலும் தைத்தோம். பக்கத்து நெட் சென்டர் செல்வம் அவற்றைப் படம் பிடித்தான். இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் கடை போட்டு விற்கும் இடம் ஒன்று இருக்கிறதாம். அதில் என் பெயரில் கணக்குத் திறந்து போட்டான். எங்கெங்கிருந்தோ ஆர்டர் வந்தது. அந்த வருஷம்தான் முதல் முறையாக நான் சென்னைக்குப் போகவில்லை.

2006 சித்திரை. பௌர்ணமிக்கு ஆறு நாள் இருந்தது. செல்வம் கடைக்கு வந்தான். உட்காரவில்லை.

"கணக்க நிறுத்தி வச்சிட்டாங்கணா. அந்தக் கொக்கு ஏதோ ஒரு கம்பெனியோட மார்க்காம். புகார் குடுத்துட்டாங்க. ஏழு நாள்ல சரி பண்ணலனா ஒரேயடியா மூடிடுவாங்க."

எனக்குப் புரியவில்லை. ஏரியில் நிற்கிற கொக்கு எப்படி ஒருவனுக்குச் சொந்தம் ஆகும் என்று கேட்டேன். தீப்பெட்டிப் படம் மாதிரி, பதிவு செய்தவர் மட்டும்தான் அதைப் போடலாம் என்று செல்வம் விளக்கினான். கஸ்தூரி ஊசியைக் கீழே வைக்காமல் சொன்னாள்:

"மாதிரி, மாதிரின்னு கொக்கு நகம் வரைக்கும் தைக்க வச்சீங்க. உங்க மூஞ்சிய தைக்கச் சொல்லியிருந்தா ஒருத்தனும் புகார் குடுத்திருக்க மாட்டான்."

செல்வம் அந்த இன்டர்நெட் கடைக்காரர்களுக்கு இரண்டு தரம் எழுதினான். நாங்கள் ஏழைகள், கணக்கைத் திறந்து விடுங்கள் என்று. இரண்டு தரமும் ஒரே பதில்தான் வந்தது. பிறகு, கஸ்தூரி பெயரில் வேறு கணக்குத் திறந்து அதே பையை விற்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எனக்குள் ஒன்றும் ஓடவில்லை. பயம் இல்லை. அழுகை இல்லை. சோறு போட்டால் தின்றேன். சென்னைக்குப் போக சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. பெட்டியைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அவளுக்குப் பழக்கம்.

பௌர்ணமி அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கிரிவலம் கிளம்பினேன். வந்த பதிலைச் செல்வம் தாளில் எடுத்துக் கொடுத்திருந்தான். அது சட்டைப் பையில் இருந்தது. ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் ஏற்றினேன். "என்னை இங்கேயே வை" என்றேன். வேறு எதுவும் கேட்க வாய் வரவில்லை.

பாதி வழியில், அடி அண்ணாமலை ஊர்ப் பக்கம் கால் கொப்பளித்துவிட்டது. உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். என் சட்டைப் பையில் தாளைப் பார்த்ததும் மனுவா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் படித்தார். நாங்கள் யாருக்கு எழுதினோம் என்று கேட்டார். கடைக்காரர்களுக்கு என்றேன்.

"தாசில்தார் கையில இருக்கறத போஸ்ட்மேன்கிட்ட கேட்டீங்களா? புகார் குடுத்தவங்க வாபஸ் வாங்கினா தொறப்போம்னு கீழ போட்டிருக்கான் பாருங்க. அவங்க விலாசமும் இருக்குது. அவங்களுக்கு எழுதுங்க."

இன்னொன்றும் சொன்னார்.

"கஷ்டத்த ஜாஸ்தி எழுதாதீங்க. நான் தினம் எழுதறேன், ஒருத்தரும் படிக்கறதில்ல. செஞ்சத எழுதுங்க. இனிமே இன்னா செய்வீங்கன்னு எழுதுங்க."

தாளின் பின்பக்கத்தில் அவரே எழுதிக் கொடுத்தார். பத்து வரி இருக்கும்.

மறுநாள் கடைசி நாள். வீட்டில் நாற்பத்து மூன்று பை இருந்தது. காலையிலிருந்து கஸ்தூரி கொக்குகளைப் பிரித்தாள். நூல் போன இடத்தில் ஊசி ஓட்டை மட்டும் நின்றது. செல்வம் அதைப் படம் பிடித்தான். மனுவை இங்கிலீஷில் மாற்றி அந்தக் கம்பெனிக்கு அனுப்பினான். கெடு முடிவதற்குள் சரி செய்துவிட்டோம் என்று கடைக்காரர்களுக்கும் ஒரு நகல். கஸ்தூரி பெயரில் கணக்கு வேண்டாம் என்று அன்றைக்குத்தான் சொன்னேன்.

மறுநாள் பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் செல்வம் வந்து உட்கார்ந்தான்.

"வாபஸ் வாங்கிட்டாங்கணா. மார்க்க எடுத்துட்டதப் பாத்தோம், உள்ளதச் சொன்னதுக்கு நன்றின்னு நாலே வரி. கணக்கத் தொறந்துட்டாங்க."

சரி என்றேன். வீட்டுக்குப் போனேன். பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து ஆணியில் மாட்டினேன். மகள் வந்து நின்றாள்.

"எப்பப்பா போற?"

போகவில்லை என்றேன்.

"பொய்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு பழம் வாங்கிக்கொண்டு வேங்கிக்கால் போனேன். அந்த அம்மா அதே வாசலில் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்டார். சொன்னதும் சிரித்தார். அவர் சாதாரண மனுஷிதான். ஆனால் அவ்வளவு கூட்டத்தில், மலையைச் சுற்றி அவ்வளவு தூரத்தில், அவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது யார் மாதிரி கொண்டுவந்தாலும், இந்தக் குறி யாருடையது என்று முதலில் கேட்கிறேன். தெரியாவிட்டால் குறி இல்லாமல்தான் தைப்பேன். பௌர்ணமிதோறும் நடக்கிறேன்.

கேட்கத் தெரியவில்லை, மனம் மரத்துப் போய்விட்டது என்று யாரும் வராமல் இருந்துவிடாதீர்கள். அப்படியே வந்து நடங்கள். நான் பக்தியோடு நடந்தேன் என்று சொல்ல மாட்டேன். கால்தான் நடந்தது. அண்ணாமலையார் அதையும் எடுத்துக்கொண்டார்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இந்தச் சித்திரையிலும் நான் ஊரில்தான் இருந்தேன்.