எழுப்பியது நான்

மூணாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனாலும் அண்ணாகிராமத்தில் முந்திரி ஆலை, மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு, மூன்று லாரி, எல்லாம் நானே உண்டாக்கியது. வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

2008-ல் என் சம்சாரத்தின் தம்பி செல்வராசுக்கு ஒன்னுக்குப் போவது சிரமமானது. சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் தெரியல. இருந்தாலும் ஆசனவாயில விரல் விட்டு புராஸ்டேட் சுரப்பியைத் தொட்டுப் பாக்கணும். சில பேருக்குப் புத்துநோய் அப்பதான் தெரியும்" என்றார். மச்சான் அங்கிருந்த கட்டிலில் போய்ப் படுத்துவிட்டான்.

"ரத்தத்துலயே இல்லாதத அங்க என்னா தேடறீங்க? எழுந்திரு மச்சான்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"உங்ககிட்ட டாக்டரே வாயடைச்சுப் போயிட்டாரு மாமா" என்று வழியெல்லாம் சிரித்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் அவனுக்கு முதுகுவலி. கடலூர் டாக்டர் விரல் விட்டு அரை நிமிஷம் தொட்டுப் பார்த்து, புராஸ்டேட் கல் மாதிரி இருக்கிறது என்றார். புற்றுநோய் எலும்பு வரை போயிருந்தது. மச்சான் பிழைக்கவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் விழுகிறது.

இப்போது வருஷா வருஷம் பரிசோதனைக்கு ரத்தமும் கொடுக்கிறேன், டாக்டர் சொல்லும் முன்பே வேட்டியைத் தளர்த்திப் படுத்தும் விடுகிறேன்.

"வெக்கப்பட்டே செத்தான்" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். அவன் வெட்கப்படவில்லை. படுத்தவனை எழுப்பியது நான். உங்கள் பத்திரிகையில் அதை வெட்டாமல் போடுங்கள்.