டத்தோவுக்குப் போட்ட நாற்காலி

ஈப்போவில் நான் இருக்கும் முதியோர் இல்லத்தில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் சீனக் கிழவிகள். பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாமே கான்டனீஸில்தான். எனக்கு மலாய் வரும். அவர்களுக்கும் கடைத்தெரு மலாய் வரும்தான், ஆனால் என்னிடம் எதற்குப் பேச வேண்டும்? சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் என் வாயை அடைக்க, வேலை வாங்கும் மண்டோரால்கூட முடியாது. மகன் ஜொகூருக்கு மாற்றலாகிப் போனபோது, கொஞ்ச நாள்தாம்மா என்று சொல்லி இங்கே விட்டான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. போகப்போக பயம் வந்தது. நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாராவது வந்து அதை அணைத்து, விளக்கையும் அணைத்துவிட்டுப் போவார்கள். வேண்டுமென்றே செய்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம். அவர்கள் முகத்தில் வன்மமே இருக்காது. காலி அறையை விட்டுப் போகிறவர்களின் முகம்தான் அது. பக்கத்துக் கட்டில்காரிக்குக் கண்ணில் புரை. நான் படுத்திருக்கும்போதே அவள் தன் துணிகளை மடித்து என் கட்டிலில் அடுக்குவாள். என் கால்மேல் துண்டு விழும். நானும் சும்மா கிடப்பேன். ஒருநாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சீனர்களின் ஏழாம் மாதம் வந்தது. எதிரே கோயில் திடலில் கூடாரம் போட்டு மேடை கட்டினார்கள். மத்தியானமே கூத்து தொடங்கிவிட்டது. கிழவிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் என்ன, எனக்குக் கால் இருக்கிறது. குளித்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, திருநீறு பூசி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நானே போனேன்.

உட்கார இடமே இல்லை. ஆனால் முன்வரிசை முழுக்கச் சிவப்பு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது. நம் ஆட்கள் விழாவிலும் இதே கதைதான். முன்வரிசை பட்டம் வாங்கிய டத்தோவுக்கும் சட்டமன்ற ஒய்.பி.க்கும். அவர்கள் தாமதமாக வந்து, மாலையை வாங்கிக்கொண்டு பாதியிலேயே கிளம்பிவிடுவார்கள். நாம் பின்னால் நின்றே சாக வேண்டும். முட்டி வேறு விண்விண்ணென்று வலித்தது. வந்தா எந்திரிச்சிக்கலாம்லா என்று முணுமுணுத்துக்கொண்டு, நட்டநடு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

பின்னால் பேச்சு நின்றுபோனது. மேடையில் பாடிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள். குரல் தடுமாறியது. அப்புறம் என்னை மட்டுமே பார்த்துப் பாடினாள். யாரும் வந்து எழுந்திரு என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் இருந்த காலி நாற்காலிகளில் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே எனக்குப் பட்டது. ஏனென்று சொல்லத் தெரியவில்லை. அந்த வெக்கையிலும் என் கை சில்லிட்டுப் போயிருந்தது.

அப்போது பக்கத்துக் கட்டில்காரி வந்தாள். தலையைக் குனிந்தபடி தடவித் தடவி வந்து, என் காலடியில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்தாள். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பேசினாள், அழுதாள், நடுவில் சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் ஒரு மனுஷி என்னிடம் பேசுகிறாளே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவாதம்மா, நான் இங்கதான இருக்கேன்," என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவள் தலையைத் தலையை ஆட்டினாள். அப்புறம் நானும் என் கதையை ஆரம்பித்தேன். புருஷன் போனது, தோட்டத்து லயன் வீட்டை இடித்தது, மகன் விட்டுவிட்டுப் போனது, எல்லாவற்றையும் கொட்டினேன். கூத்து முடியும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் காலை அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களைக் கவனித்துக்கொள்ளும் இந்தோனேசிய மேடான்காரப் பெண், கூத்துக்குப் போகாமல் இல்லத்திலேயே இருந்தவள். அவளிடம் மலாயில் விசாரித்தேன். அந்த அம்மாவுக்கு இன்று சந்தோஷம் தாங்கவில்லை என்றாள். சின்ன வயதிலேயே செத்துப்போன அக்கா நேற்றுக் கூத்துப் பார்க்க வந்தாளாம், செத்தவர்கள் பாஷையில் பதில்கூடச் சொன்னாளாம். ஏழாம் மாதம் செத்தவர்கள் வருவார்களாம். முன்வரிசை அவர்களுக்குப் போட்டதாம், உயிருள்ளவர்கள் யாரும் அதில் உட்கார மாட்டார்களாம். மற்றக் கிழவிகளும் அந்த வெள்ளை உடுப்புக்காரியைப் பார்த்தார்களாம். யாரென்று ஒருத்திக்கும் தெரியவில்லையாம்.

நேற்று நான் எங்கே இருந்தேன் என்று கேட்டாள். படுத்திருந்தேன் என்றேன்.

அப்புறம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவளிடம் ஒரு வார்த்தை பேசாதவள், செத்தவளிடம் மனசைக் கொட்டியிருக்கிறாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, அது நான்தான்டி என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால்? அவள் அக்காவும் போய்விடுவாள், நானும் போய்விடுவேன்.

மத்தியானம் மேளச் சத்தம் கேட்டதும் எழுந்து போனேன். முன்வரிசை காலியாக இருந்தது. அவள் எனக்கு முன்னாலேயே வந்து காத்துக்கொண்டு நின்றாள். நான் நேராகப் போய் உட்கார்ந்தேன்.