நாற்காலிகளோடு வந்த பவளம் அக்கா

பதுளையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் காமாட்சியின் அழைப்பு வந்தது. "சேர், பவளம் அக்கா தவறிட்டாங்க. விடியக்காலையில நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் என்னோடு சண்டை போட்டுவிட்டு, "திங்கக்கிழமை வர்றேன், மிச்சத்தப் பேசிக்குவோம்" என்று படியிறங்கிப் போனவர் அவர். மிச்சத்தைப் பேசாமலே போய்விட்டார். அந்தக் கோபம் அழுகையாக மாறியபோது பஸ் எந்த ஊரில் நின்றுகொண்டிருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அவரோடு பழகி அறிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பவளம் அக்கா அப்புத்தளை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சின்னதாக ஒரு போட்டோகொப்பி கடை வைத்திருந்தார். நான் நலன்புரிப் பிரிவில் மேன்முறையீடுகளை விசாரிக்கும் மூன்று பேரில் ஒருவன். நம் நாட்டில் வேலை இழந்தவர்களுக்கென்று தனியாக ஒரு கொடுப்பனவு கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் வேலை நின்றுபோனாலும், வறிய குடும்பங்களுக்கு மாதந்தோறும் தரும் அந்த ஒரு கொடுப்பனவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குப் பிரதி எடுக்க அவர் கடைக்கு வந்தவர்கள், நிராகரிப்புக் கடிதத்தோடும் அங்கேயே திரும்பி வந்தார்கள். பிரதி எடுத்துக் கொடுப்பதோடு நிற்கக்கூடிய ஆளா அவர்? அப்படித்தான் எங்கள் இருவருக்குமான சண்டை ஆரம்பமானது. கடையில் என்னைத் தம்பி என்பார். அலுவலகப் படி ஏறிவிட்டால் சேர் என்பார். அந்த "சேர்" வந்தாலே மூடிய கோப்பை மறுபடியும் திறந்துவிடுவேன்.

ஒருநாள் அவர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் நிராகரிப்புக் கடிதத்தை நீட்டினாள். சிங்களத்தில் இருந்ததை அக்கா மனதுக்குள் படித்துவிட்டு, வெறும் தாளைப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். அது கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் குனிந்து அவளுக்கு விஷயத்தைச் சொன்னார். அவள் அழுதது வரிசையில் நின்ற யாருக்கும் கேட்கவில்லை. பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "வேணாம்னு சொன்னது பேப்பரத்தான், ஒன்னைய இல்ல. நிமிந்து உக்காரு" என்றார். எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் அந்தக் கடையில் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

தகுதி இல்லாதவர்களிடம் அவர் காட்டிய முகம் வேறு. டவுனில் இரண்டு வேன் ஓட்டும் ஒருவர் தமக்கும் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்தார். "இந்தக் கியூவுல நீ நின்னா, ஒம் பின்னால நிக்கிறவ சோத்துல மண்ணு. எடத்தக் காலி பண்ணு" என்று அக்கா ரோட்டுக்குக் கேட்கக் கத்தினார். எங்கள் அலுவலகத்தில் நாங்கள் நாலு பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் தகுதி விதிகளின் சாரம் அதுதான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் பவளம் அக்கா என்றதும் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் நினைவு வருவது காமாட்சியின் மேன்முறையீடுதான். காமாட்சியும் அவள் கணவர் செல்லையாவும் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருந்தார்கள். செல்லையாவுக்கு வேலை கொடுத்த தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. காமாட்சிக்கும் கொழுந்து பறிக்கும் நாட்கள் குறைந்துபோயின. விண்ணப்பித்தார்கள், வசதியுள்ள குடும்பம் என்று நிராகரிக்கப்பட்டார்கள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகலாம் என்று ஏஜென்சிக்காரன் வந்து பேசிவிட்டுப் போனான். பாஸ்போர்ட்டும் எடுத்தாகிவிட்டது. அவர்களுடைய மகள் அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். மேன்முறையீடும் தோற்றால் அந்தக் குழந்தையை விட்டுவிட்டுக் காமாட்சி விமானம் ஏற வேண்டும்.

எங்கள் கோப்பில் இருந்தது தெளிவாக இருந்தது. கள உத்தியோகத்தர் வீட்டுக்குப் போயிருக்கிறார். குஷன் நாற்காலிகள், பெரிய டீவி, மேசை விசிறி, மனைவியின் கழுத்தில் தங்கச் செயின் எல்லாவற்றையும் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் பொய் எழுதவில்லை. நிராகரிப்புக் கடிதத்தோடு கடைக்கு வந்த செல்லையாவிடம் அக்கா காரணம் கேட்டபோது அவர், "தெரியலீங்க அக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் அந்த லயத்துக்குப் போய்விட்டார். அவர்கள் குடியிருந்த ஓரறைக் காம்பராவுக்குள் உட்கார ஒரு பாயும், குழந்தைக்கு ஒரு தொட்டிலும், அடுப்பும்தான் இருந்தன.

நடந்தது இதுதான். ஆபீசிலிருந்து ஆள் வருகிறார் என்றதும் லயமே கூடிவிட்டது. வருகிற மனிதரைத் தரையில் உட்கார வைக்க முடியுமா? ஒரு வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன, ஒரு வீட்டிலிருந்து டீவி வந்தது. அடுத்த காம்பரா மாரியாயி தன் கழுத்துச் செயினைக் கழற்றிக் காமாட்சிக்குப் போட்டுவிட்டாள். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல முறுக்கும் கேக்கும் வைத்து உபசரித்து அனுப்பியிருக்கிறார்கள். நிராகரிப்பு வந்த பிறகு, அதெல்லாம் இரவல் என்று சொல்ல அந்த இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. இதை அக்கா என்னிடம் பிறகு சொன்னபோது, "தம்பி, இல்லேன்னு சொல்றது எங்க ஆளுங்களுக்குப் பழக்கமில்ல. பட்டினியா கெடந்தாலும் சாப்பிட்டாச்சுன்னுதான் சொல்லுவோம்" என்றார். நானும் லயத்தில் பிறந்தவன்தான். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விசாரணை நாளன்று எங்கள் அலுவலக வராந்தாவில் ஒரே கலவரம். எட்டிப் பார்த்தேன். பவளம் அக்கா முன்னால் வர, பின்னால் லயத்து ஆட்கள் நாற்காலிகளைத் தலையில் வைத்துக்கொண்டு படி ஏறினார்கள். ஒருவர் டீவியைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு வந்தார். பஸ் கண்டக்டர் நாற்காலிகளுக்கும் டிக்கெட் கேட்டானாம். அந்தச் சண்டையையும் அக்கா முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். காவலாளி மறித்தபோது, "சாட்சிகள உள்ள விடுய்யா" என்றார். நாற்காலிக்குச் சொந்தக்காரரான ஒரு பெரியவர் விசாரணை அறைக்குள்ளேயே தம் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, "இது என்னோடது சேர். மருமகன் வாங்கிக் கொடுத்தது" என்றார். எங்கள் பெரிய அதிகாரி வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

நாங்கள் சிரித்தோம். காமாட்சி சிரிக்கவில்லை. மூலையில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தன் இல்லாமை ஊருக்கு முன்னால் இப்படி ஏறி வந்து உட்காரும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். அதைப் பார்த்த அக்கா, மாரியாயியை முன்னால் தள்ளினார். மாரியாயி தன் கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கு அவ கழுத்துல கெடந்தது இதுதாங்க. எங்கூட்டுக்கு ஆள் வந்தப்ப அவ கல்யாணச் சீலையத்தான் நான் கட்டியிருந்தேன். ஒருத்தர்கிட்ட இருந்தா எல்லார்கிட்டயும் இருக்கிற மாதிரிதான் சேர் எங்களுக்கு. அதுக்காக எல்லாரும் பணக்காரங்கன்னு எழுதிடாதீங்க." காமாட்சி முந்தானையை எடுத்துவிட்டு மாரியாயியைப் பார்த்தாள். அறையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

மறுபடியும் ஒருவர் போய்ப் பார்த்தார். கொடுப்பனவு கிடைத்தது. காமாட்சி குவைத்துக்குப் போகவில்லை. அவள் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பவளம் அக்கா கொண்டுவந்த எல்லா மேன்முறையீடுகளும் இப்படி வெல்லவில்லை. தோற்ற நாட்களில் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டுவிட்டு, மறுவாரம் அடுத்த ஆளோடு வந்து நிற்பார்.

காமாட்சியின் தீர்ப்புக்குப் பிறகு அவரிடம் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். இனிமேல் சொல்லாமலே வீடு பார்க்கப் போகலாம், உண்மை தெரிந்துவிடும் என்றேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சொல்லாமப் போயி நிக்கிறதுக்கு நீங்க என்ன போலீஸா? ஏழைன்னா கதவத் தட்டாம நுழைஞ்சிரலாமா?" என்றார். "நீங்களும் சொல்லாமத்தானே போனீங்க" என்றேன். "நான் அக்கா. நீங்க ஆபீஸு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "சொல்லிட்டே போங்க தம்பி. கொண்டாந்து வைக்கட்டும், அது அவங்க மரியாத. குடுக்கிறதக் குடிங்க. குடிச்சு முடிச்சிட்டு, இது யாரு வீட்டு கப்புன்னு கேளுங்க. மரியாதயா கேட்டா மரியாதயா சொல்லுவாங்க" என்றார்.

பவளம் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி.

அவருடைய கருமாதி முடிந்த வாரம் தெமோதரைப் பக்கம் ஒரு லயத்துக்குப் போனேன், சொல்லிவிட்டுத்தான். வேலை நின்றுபோன ஒரு இளம் தம்பதி. எனக்கு நாற்காலி இருந்தது. பூப்போட்ட கப்பில் தேநீர் வந்தது. குடித்து முடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. இது யாரு வீட்டு கப்?" என்று கேட்டேன். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கப்பு பக்கத்து காம்பராவுதுங்க சேர். தூளு எங்க மாமியாவுது. சீனி எதுத்த லயத்துது. தண்ணி மட்டுந்தான் எங்களுது."

அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.