கொளுத்தாத கற்பூரம்

"கார்த்திகை, வெள்ளி. பகல் ஷிப்ட். விடாத மழை. அஞ்சலையக்கா வைத்த தட்டிலிருந்து எடுத்தது."

இப்படி எழுதிய ஒரு காகிதப் பொட்டலம் நேற்று சாயங்காலம் கையில் கிடைத்தது. கையெழுத்து என்னுடையதுதான். கிழமை இருக்கிறது, மாதம் இருக்கிறது, மழைகூட இருக்கிறது, ஆண்டு இல்லை. புது செருப்பு வாங்கினால் அடியில் தேதி எழுதி வைக்கிற ஆள் நான். வீட்டில் இதற்காக நான் படாத கேலி இல்லை. அப்படிப்பட்டவன் ஆண்டை விட்டிருக்கிறேன் என்றால், அன்றைக்கு நான் எந்த நிலையில் இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புயல் வருகிறது என்று காலையிலிருந்தே தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குருசுக்குப்பத்தில் படகுகளை ரோடு வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். "கரண்டு போறதுக்குள்ள மெழுகுவத்தி எங்க இருக்குன்னு பாருங்க" என்றாள் மனைவி. மேசையின் கீழ் இழுப்பறையைக் கலைத்தேன். மெழுகுவத்தி அகப்படவில்லை. ஒரு பழைய தகர டப்பா அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் கற்பூர வாசனை, உள்ளே இந்தப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கற்பூரம் இல்லை. சுருங்கிப்போன நாலைந்து மிளகு மட்டும் உருண்டது.

தட்டாஞ்சாவடியில் ஒரு கற்பூரக் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், தூளை வில்லையாக அழுத்தும் மெஷின் இரண்டு, பாக்கெட் போடும் பெண்கள், ஓரத்தில் தடுப்பு வைத்த ஆபீஸ். நான் ஆபீஸ் குமாஸ்தா. வேலை முடிந்து கற்பூர வாசனையோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் இருக்கிற அம்மாக்கள் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஏதோ கோயிலைத் தாண்டிப் போகிறோம் என்று நினைப்பு. சன்னதி நான்தான் என்பது தெரிந்ததும் முறைப்பார்கள்.

அந்த நாட்களில் நான் கடவுளையும் தேடிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் அது ஜலதோஷம் மாதிரி. எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி அமைதி தேடி இங்கே ஆசிரமத்துக்கு வருகிறார்கள். உள்ளூர்க்காரன் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்? பையில் எப்போதும் கனமான ஒரு தத்துவப் புத்தகம். சாயங்காலம் கடற்கரையில் கண்ணை மூடி உட்காருவேன். சுண்டல்காரர் வந்து தோளைத் தட்டி, "தம்பி, தூக்கம் வந்தா வூட்டுக்குப் போ, பர்ஸ அடிச்சிருவானுங்க" என்பார். தியானம் அத்தோடு முடியும்.

கம்பெனி முதலாளி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவருக்கு வேதவாக்கு ஒன்றே ஒன்று: "பா தெ ஃபே!" நெருப்பு கூடாது. கேட்டில் வாட்ச்மேன் காதர் பாய் ஒரு பிஸ்கட் டின்னோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே போகிற யாரும் தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கற்பூரத் தூள் பறக்கிற இடம். ஒரு பொறி போதும். ராத்திரி கனவில்கூட எனக்கு அந்த ஷெட் எரியும்.

அதனால் ஊருக்கெல்லாம் கற்பூரம் அனுப்பிய அந்த ஷெட்டுக்குள் கற்பூரம் ஏற்றியதே கிடையாது. பாக்கெட் போடும் இடத்தில் ஒரு பலகையில் பிள்ளையார் படம், அதன் முன்னால் எவர்சில்வர் தட்டு. காலையில் யாராவது ஒரு சின்ன வில்லையை வைப்பார்கள், கொளுத்தாமல். ஆயுத பூஜைக்கும் அப்படித்தான். கொளுத்தாத கற்பூரத் தட்டை மெஷினுக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றுவோம். பிறகு எல்லாரும் இல்லாத சுடரின் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். முதல் வருஷம் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வருஷம் கை தானாக நீண்டது. மெஷின் ஓட்டும் செல்வம் மட்டும், "சாமிக்கே டிமிக்கி குடுக்கற கம்பெனி நம்மளுது" என்பான். மின்விசிறிக் காற்றில் சாயங்காலத்துக்குள் வில்லை தானாகக் கரைந்து தட்டு வெறுமையாகியிருக்கும். கற்பூரத்தின் குணம் அது. தீ வைத்தாலும் போகும், வைக்காவிட்டாலும் போகும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். புதன்கிழமை விடியலில் கடலுக்குப் போன குருசுக்குப்பத்துப் படகுகளில் ஒன்று மட்டும் திரும்பவில்லை. நடுவில் காற்று மாறிவிட்டது. அதில் போனவர்களில் ஒருவர் அஞ்சலையக்காவின் வீட்டுக்காரர். அக்கா எங்களிடம் பாக்கெட் போடுகிறவர். அவர் அன்று வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நனைந்துகொண்டு வந்து நின்றார்.

"என்னாம்மா, இன்னிக்குப் போயி?" என்றார் காதர் பாய்.

"கரையில உக்காந்தா ஆளாளுக்கு என் மூஞ்சியவே பாக்குறாங்க பாய். வூட்ல இருந்தா பைத்தியம் புடிச்சிரும்." முந்தானையிலிருந்து ஒரு புதுத் தீப்பெட்டியை எடுத்து டின்னில் போட்டார். "சாயந்திரம் கோயில்ல கொளுத்த வாங்கினேன். பத்திரம்."

உள்ளே வந்து ஒரு வில்லையைத் தட்டில் வைத்தார். சத்தமாகவே சொன்னார்: "இது கரையறதுக்குள்ள அவரு கரை ஏறணும்."

இப்படியா ஒருவர் வேண்டிக்கொள்வார்? கொளுத்துவதாக நேர்ந்துகொண்டால் நெருப்பு நம் கையில் இருக்கிறது. இது நின்ற இடத்தில் கரைகிற பொருள். யார் நிறுத்துவது?

அன்று ஷெட்டில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாக்கில் அந்தப் பலகைப் பக்கம் போய் வந்தார்கள். நானும் போனேன், ரசீதுக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. வில்லையின் விளிம்பு மழுங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் செல்வம் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான். "கரண்டு பில்லு எகிறுதுன்னு முதலாளி கத்துறாரு" என்றான். முதலாளி அந்த வாரம் ஊரிலேயே இல்லை. மழைக்காக ஜன்னலும் சாத்தியிருந்தது. கற்பூர நெடி ஏறி எல்லார் கண்ணிலும் நீர் வழிந்தது. ஒருவர்கூட விசிறியைப் போடச் சொல்லவில்லை. அஞ்சலையக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பாக்கெட் போட்டார். எது நெடி, எது அழுகை என்று யாரும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லாத இடமாக அது ஆகியிருந்தது.

சாப்பாட்டு வேளை முடிந்து போய்ப் பார்த்தபோது வில்லையைச் சுற்றி மிளகு இருந்தது. வீட்டில் கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்போமே, கரையாமல் இருக்கட்டும் என்று, அதே மாதிரி. கற்பூரமே செய்கிற எங்களுக்கு அது மூடிய டப்பாவுக்குள் மட்டும் செல்லுகிற வைத்தியம் என்று தெரியும். திறந்த தட்டில் வைத்து என்ன பயன்? யாரும் அதை எடுக்கவில்லை. வில்லை அதற்குள் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல்: "அஞ்சலைன்றவங்க அங்க வேல செய்யறாங்களா? கூப்புடுங்க."

"என்ன விஷயம்?" என்று கேட்டிருக்கலாம். தடுப்புக்கு வெளியே தலையை நீட்டி, "அக்கா, போன்" என்றேன். மெஷின்கள் நின்றன. அக்கா வந்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு சொன்னார்:

"யோவ், சாப்ட்டியா?"

செல்வம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா நிறுத்தவில்லை. "இஞ்சினு போச்சா? போன வாரமே சரி பண்ணுன்னு சொன்னனா இல்லியா? கரை ஏறின கனகசெட்டிக்குளத்துலயே இரு, நான் வரேன். வா வூட்டுக்கு, உன்ன வெச்சிக்கிறேன்." ரிசீவரை வைத்துவிட்டுத்தான் அழுதார்.

அவர் பஸ்ஸுக்கு ஓடினார். காதர் பாய் கேட்டை அப்படியே விட்டுவிட்டுத் தீப்பெட்டியோடு மழையில் பின்னால் ஓடினார். "யம்மா, கோயிலுக்குன்னியே!"

"நீயே பீடி பத்த வெச்சிக்க பாய்!" என்று பஸ் படிக்கட்டிலிருந்து கத்தினார் அக்கா. "நம்ம புள்ளையாரு நெருப்பு கேக்கல!"

நான் திரும்பி வந்து தட்டைப் பார்த்தேன். மூக்குத்திக் கல் அளவு மீதம் இருந்தது. அதை மிளகோடு காகிதத்தில் மடித்து மேலே எழுதினேன். அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போகவில்லை. புத்தகத்தை எடுத்தேன், இரண்டு பக்கம் ஓடவில்லை, மூடிவிட்டேன். அந்தப் புத்தகம் தேடச் சொன்னதைப் பகல் முழுவதும் நெடி தாங்கமுடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. இன்றும் அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

அந்த ஷெட் இப்போது இல்லை. கார் கழுவுகிற இடம் ஆகிவிட்டது; சோப்பு வாசனை வருகிறது. பிஸ்கட் டின் இல்லை, பிள்ளையார் பலகை இல்லை. பஸ்ஸில் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாரும் இல்லை. நான் மடித்து வைத்த அந்தத் துணுக்கும் எப்போதோ காற்றில் போயிருக்கிறது. மிளகு கற்பூரத்தைக் காக்கவில்லை. அது மட்டும் நிரூபணம் ஆகிவிட்டது.

மிளகை வைத்தது யார்? மறுவாரமே விசாரித்தேன். "அந்தத் தட்டுல நான் எதுக்குத் தம்பி கைய வெக்கப் போறேன்?" என்றார் காதர் பாய், கொஞ்சம் வேகமாகவே. "மிளகா? பொங்கல்ல பொறுக்கிப் போடறதோட சரி" என்றான் செல்வம். மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் காட்டினார்கள். அஞ்சலையக்கா, "நீதான்னு இல்ல நெனச்சேன்" என்றார். நான் இல்லை.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. விளக்கு போவதற்குள் அந்தக் காகிதத்தின் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: மிளகு வைத்தவர் யார் என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.